கையில துட்டு இல்லாதவன் படிக்கிற துட்டுப் புத்தகம்

போன வருஷம் மூணாவது செமஸ்டர் எக்ஸாம் முடிஞ்ச மறுநாள், சண்டே மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். புதுச்சேரிக்காரங்களுக்குத் தெரியும், ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில கிடைக்காத பொருள் கிடையாது. பனியன், பழைய சார்ஜர், பிரஷர் குக்கர் கேஸ்கெட் எல்லாம் தாண்டி, ஒருத்தர் தார்ப்பாய் விரிச்சு பழைய காசு வச்சிருந்தார். நான் குனிஞ்சு பார்த்ததுமே ஒரு குட்டி வெள்ளிக்காசை எடுத்து உள்ளங்கையில வச்சார். ஒரு பக்கம் கிரீடம். இன்னொரு பக்கம் லில்லிப் பூக்கள். "பிரெஞ்சுக்காரன் காசு தம்பி, நம்ம பாண்டியிலயே அடிச்சது. உனக்காக 800 ரூபா."

அந்த 800 ரூபாய், எக்ஸாமுக்கு அப்புறம் பசங்களோட வெளியே போக வச்சிருந்த பணம். கொடுத்துட்டேன்.

எங்க தெருவில ஒரு சொல்தா தாத்தா இருக்கார். வெளியூர் நண்பர்களுக்காக: பிரெஞ்சு ராணுவத்தில வேலை பார்த்து, பென்ஷன் வாங்கிக்கிட்டு ஊர் திரும்பினவங்களை இங்கே சொல்தான்னுதான் கூப்பிடுவோம். அவருக்குக் காசு சேர்க்கிற பழக்கம் உண்டு. ஓடிப்போய்க் காட்டினேன். அவர் காசைக் கையில கூட வாங்கலை. "எடை எவ்வளவுடா?"ன்னு கேட்டார்.

தெரியாது தாத்தா.

"எடை தெரியாமலா வாங்கின?" உள்ளே போய், அட்டை கிழிஞ்ச ஒரு புத்தகத்தை எடுத்துட்டு வந்தார். பாரிஸ்ல நடந்த ஏதோ ஒரு நாணய ஏலத்தோட கேட்டலாக். "ஒரு வாரம் இதை வச்சுப் படி. அப்புறம் காசைக் காட்டு."

ஒரு வாரம்னு ஆரம்பிச்சது, இப்போ ஒரு வருஷம் ஆகுது. இதுவரை நான் எந்த ஏலத்திலயும் கையைத் தூக்கினதில்லை. தூக்குற நிலைமையும் இல்லை. ஆனா கேட்டலாக் படிக்கிறதை மட்டும் விடலை. நாணயம் சேர்க்க நினைக்கிறவனுக்குக் காசை விட முதல்ல தேவைப்படுறது ஏலக் கேட்டலாக்தான், அதுவும் நல்ல கேட்டலாக்தான்னு இப்போ உறுதியா நம்புறேன். நல்லதுன்னு நான் சொல்றது வழவழப்பான தாளையும் பெரிய பெரிய படத்தையும் இல்லை. விற்கிறவர் சொல்றதை, வாங்குறவன் அவனே சரிபார்க்க முடியணும். எந்த அளவுக்கு முடியுதோ அந்த அளவுக்கு அது நல்ல கேட்டலாக். நம்ம பாஷையில சொல்லணும்னா டேட்டாஷீட். ஐசி வாங்கும்போது "சூப்பர் குவாலிட்டி"ன்னு எழுதியிருந்தா நாம நம்புவோமா? வோல்டேஜ் என்ன, கரன்ட் எவ்வளவு, எந்த வெப்பநிலை வரைக்கும் தாங்கும்னுதானே பார்ப்போம்?

விஷயத்துக்குள்ள போறதுக்கு முன்னாடி நம்ம ஊர்க் காசைப் பத்திக் கொஞ்சம். 1736இல் கவர்னர் துய்மா காலத்தில, ஆற்காடு நவாப் தோஸ்த் அலி கான் வழியா புதுச்சேரியில ரூபாய் அடிக்கிற உரிமை பிரெஞ்சுக் கம்பெனிக்குக் கிடைச்சது. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுத ஆரம்பிச்சதும் அதே 1736 செப்டம்பர்லதான். அப்படி அடிச்ச ரூபாயில பிரெஞ்சு ராஜா பேரு கிடையாது. மொகலாய பாதுஷா பேரு, பாரசீக எழுத்து, ஊர் பேரு கூட ஆற்காடு. புதுச்சேரியில அடிச்சதுங்கிறதுக்கு அடையாளம், அதில இருக்கிற ஒரு சின்னப் பிறை. அவ்வளவுதான்.

சில்லறையில மட்டும் சொந்த அடையாளம் வச்சுக்கிட்டாங்க. வெள்ளியில கிரீடமும் லில்லியும். செம்பில ஒரு பக்கம் லில்லி, மறுபக்கம் தமிழ் எழுத்தில ஊர் பேரு. 1830இல் பிரான்சில ராஜா மாறினதும் லில்லி போச்சு, சேவல் வந்தது. 1836ன்னு வருஷம் போட்ட செப்புக்காசில அந்தச் சேவலைப் பார்க்கலாம். தாத்தா கொடுத்த கேட்டலாக்கில இந்தக் காசுங்களோட பேரு பிரெஞ்சில இருந்தது. காஷ், துது, ஃபனோன். முதல் நாள் ஒண்ணும் புரியலை. ரெண்டாவது நாள் வாய்விட்டுப் படிச்சப்பதான் உறைச்சது. காசு, துட்டு, பணம்! பாரிஸ்ல கோட் போட்டுக்கிட்டு ஏலம் விடுறவர் "துது"ன்னு கூவுறது, நம்ம டீக்கடையில "துட்டு எடு மச்சி"ன்னு சொல்ற அதே துட்டு.

சரி, எடைக்கு வருவோம்.

கேட்டலாக்கில ஒவ்வொரு காசுக்கும் ஒரு லாட் எண் இருக்கும். அதுக்குக் கீழே உலோகம், எடை, விட்டம். தாத்தா முதல் கேள்வியா ஏன் எடையைக் கேட்டார்னு ஒரு கணக்குப் போட்டாலே தெரிஞ்சிடும். ஆற்காடு ரூபாய் சுமார் 11.4 கிராம். எட்டு ஃபனோன் ஒரு ரூபாய். ரெண்டிலயும் வெள்ளித் தரம் ஏறக்குறைய ஒண்ணுன்னு வச்சுக்கிட்டா, ஒரு ஃபனோன் 1.4 கிராம் பக்கத்தில இருக்கணும். புழங்கித் தேய்ஞ்சா கொஞ்சம் குறையலாம். எவ்வளவு குறையலாம்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? பத்து ஏலத்தில வந்த பத்துக் காசோட எடையை வரிசையா எழுதிப் பார்த்தா ஒரு வீச்சு கிடைக்கும். அந்தப் பத்தும் எழுதப்பட்டிருந்தாதான் அது முடியும்! சில கேட்டலாக்குங்க எடையே போடுறதில்லை. வெறும் "வெள்ளி, அழகான காசு". அழகை வச்சு நான் என்ன பண்றது?

கெமிஸ்ட்ரி லேப்ல அண்ணன் ஒருத்தரைக் கெஞ்சி, நாலு தசம ஸ்தானம் காட்டுற தராசில என் காசை வச்சேன். 1.214 கிராம். தேய்மானம்னு மனசைத் தேத்திக்கலாம்தான். அடுத்தது ஆர்க்கிமிடிஸ். பீக்கர்ல தண்ணி வச்சு, தராசைப் பூஜ்யமாக்கி, காசை நூல்ல கட்டி, அடியில படாம தண்ணிக்குள்ள தொங்கவிட்டா, தராசு காட்டுறது காசு விலக்கின தண்ணியோட எடை. 0.141 கிராம் காட்டிச்சு. வகுத்தா 8.6. சுத்த வெள்ளின்னா 10.5 வரணும், கொஞ்சம் செம்பு கலந்த வெள்ளின்னாலும் 10க்கு மேல நிக்கும். 8.6ங்கிறது பித்தளை. மேலே வெள்ளி முலாம். பக்கத்தில நின்ன அண்ணன் சிரிக்கலை. அதுவே பெரிய விஷயம்.

அந்தக் கேட்டலாக்கை முன்னாடியே பார்த்திருந்தா, எடை வரைக்கும் கூடப் போயிருக்க வேண்டாம். படத்திலயே தெரிஞ்சிருக்கும். அச்சுல வச்சு அடிச்ச காசில, அடி வாங்கின வேகத்தில உலோகம் விளிம்பை நோக்கி ஓடின தடம் இருக்கும். எழுத்தோட ஓரம் கூர்மையா நிக்கும். வார்ப்புல ஊத்தின போலியில பரப்பு முழுக்க நுண்ணிய குழிகள், எழுத்து எல்லாம் சோப்பு கரைஞ்ச மாதிரி மழுங்கல், விளிம்பைச் சுத்தி ரெண்டு அச்சும் சேர்ந்த கோடு. என் காசில இது எல்லாமே இருந்தது. 800 ரூபாய்க்கு எல்லா அடையாளமும் ஒண்ணா கிடைச்சதுன்னு வேணா சொல்லிக்கலாம்.

படம்னு வந்துட்டதால இதையும் சொல்லிடறேன். மியூசியத்தில கண்ணாடிக்குள்ள இருக்கிற காசில நாம பார்க்கிறது ஒரு பக்கம்தான். மறுபக்கத்தைப் பார்க்க நமக்குக் கொடுத்துவைக்கலை. கேட்டலாக்கோட பெரிய உபகாரமே ரெண்டு பக்கத்தையும் காட்டுறதுதான். ஆற்காடு ரூபாய்க்கு இது உயிர்நாடி. ஏன்னா காசை விட அச்சு பெரிசு. அடிக்கும்போது அச்சில இருக்கிறதில ஒரு பகுதிதான் காசில விழும். பிறை விழுந்திருக்கா, பாதி வெட்டுப்பட்டிருக்கா, ஓரத்துக்கு வெளியே போயிடுச்சான்னு நாமே பார்த்தாதான் அது புதுச்சேரிக் காசா இல்லையான்னு பேசவே முடியும். இங்கிலீஷ்காரனும் அதே ஆற்காடு பேரை வச்சு ரூபாய் அடிச்சான், மறக்க வேண்டாம். படம் இல்லாம "பிரெஞ்சு ஆற்காடு ரூபாய்"னு ஒரு வரி மட்டும் போட்டிருந்தா, அது எழுதினவரோட நம்பிக்கை. நம்ம நம்பிக்கை ஆகணும்னு அவசியம் இல்லை.

எனக்கு உண்மையிலயே எரிச்சல் வர்ற இடம் வேற. லில்லித் துட்டோட படத்தை ஒரு வெளிநாட்டுக் கேட்டலாக்கில பார்த்தேன். நல்ல படம், எடை இருக்கு, விட்டம் இருக்கு. தமிழ் எழுத்து இருக்கிற பக்கம் தலைகீழா! கீழே விவரத்தில "தமிழ் வாசகம்"னு ரெண்டே வார்த்தை. என்ன வாசகம்னு கிடையாது. பாரசீகம்னா பாதுஷா பேரு, ஹிஜ்ரி வருஷம், ஆட்சியாண்டு எல்லாம் படிச்சு எழுதுறாங்க. தமிழ்னா மட்டும் "தமிழ் வாசகம்". காசைத் திருப்பிப் பிடிச்சா, மூணு வரியில நம்ம ஊர் பேரு. அந்தக் காலத்து எழுத்துல மெய்க்குப் புள்ளி வைக்கிற வழக்கமும் இல்லை, குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு. அதனால "புதுச்சேரி"ங்கிறது நம்ம கண்ணுக்கு "புதுசசெரி"ன்னு தெரியும். ரெண்டாம் கிளாஸ் பையன் கூட எழுத்துக் கூட்டிப் படிச்சிடுவான். காரைக்கால் பேரு போட்ட செப்புக்காசும் உண்டு. ரெண்டையும் "தமிழ் வாசகம்"னு ஒரே மூட்டையில கட்டினா, எது எந்த ஊர்னு சேகரிக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? இந்த ஒரு விஷயத்தில, பட்ஜெட் பூஜ்யமா இருந்தாலும், நாம அவங்களை விடப் பணக்காரங்க.

அடுத்து, குறையைச் சொல்ற நேர்மை. "துளையிட்டு அடைத்தது", "சுத்தம் செய்யப்பட்டது", "விளிம்பில் வெட்டு", "நகையிலிருந்து கழற்றியது"ன்னு வெளிப்படையா எழுதுற கேட்டலாக்கை நான் கண்ணை மூடிக்கிட்டு மதிப்பேன். நம்ம ஊர்ல காசைத் தாலிக்கயிறுல கோத்தாங்க, காசுமாலை ஆக்கினாங்க, குழந்தை அரைஞாண்ல கட்டினாங்க. அதனால ஓட்டை இல்லாம தப்பிச்ச காசு குறைவுதான். ஓட்டையை அடைச்சு மெருகேத்தினா படத்தில சட்டுனு தெரியாது. எழுதினாதான் தெரியும்.

தர வரிசை விஷயத்தில எனக்கு அரைகுறை நம்பிக்கைதான். ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ரா ஃபைன்னு ஒரு அளவு. 1 முதல் 70 வரைக்கும் மார்க் போடுற இன்னொரு அளவு. வில்லியம் ஷெல்டன் 1949இல் அமெரிக்க செப்பு சென்ட்டுங்களுக்காகக் கொண்டு வந்தது. இப்போ உலகக் காசு எல்லாத்தையும் அதே 70க்குள்ள அடைச்சு, பிளாஸ்டிக் பெட்டியில சீல் வச்சுடுறாங்க. கையால சுத்தியல்ல அடிச்ச காசுக்கு இது முழுசாப் பொருந்தாது. ஒரு இடம் மழுங்கலா இருந்தா அது புழங்கித் தேய்ஞ்சதா, அடிச்ச அன்னைக்கே அடி சரியா விழலையா? ரெண்டும் வேற வேற. எண் அதைச் சொல்லாது, ஒரு வாக்கியம் சொல்லிடும். நம்ம சிஜிபிஏ மாதிரிதான், 7.2ன்னா ஆள் எப்படின்னு யாருக்குத் தெரியும்?

"அரிது" இருக்கே, அதைத் தனியா ஒரு குற்றப்பிரிவுல சேர்க்கணும். அரிது, மிக அரிது, மிக மிக அரிது. நான் படிச்ச ஒரு கேட்டலாக்கில பக்கத்துக்கு நாலு காசாவது அரிது. எல்லாமே அரிதுன்னா எதுதான் சாதாரணம்? நல்ல கேட்டலாக் இப்படிக் கத்தாது. எந்தப் புத்தகத்தில எந்த எண்ல இந்தக் காசு பதிவாயிருக்குன்னு குறிப்பிடும். கேஎம் எண்னு பார்த்திருப்பீங்க, கிராஸ் மிஷ்லர் பட்டியலோட எண். பிரெஞ்சுக் காலனிக் காசுக்குன்னு தனியா லெகோம்த் எழுதின புத்தகம் இருக்கு. அதுக்கும் முன்னாடி 1892இல் சே எழுதினது. எண் இருந்தா நாமே போய் எடுத்துப் பார்க்கலாம். எந்தப் புத்தகத்திலயும் இல்லைன்னா "பதிவாகாத வகை"ன்னு எழுதட்டும், அப்போ அந்த "அரிது"க்கு ஒரு அர்த்தம் இருக்கு.

இன்னும் ஒரு வரி இருக்கு. புதுசாப் படிக்கிறவங்க தாண்டிப் போயிடுவாங்க. தாத்தா முதல்ல படிக்கிறதே அதைத்தான். இந்தக் காசு இதுக்கு முன்னாடி யார்கிட்ட இருந்தது? ஃப்ரெட் பிரிட்மோர்னு ஒருத்தர், பிரிட்டிஷ் இந்தியக் காசுங்களுக்கு அவர் எழுதின புத்தகம்தான் இன்னைக்கும் எல்லாரும் சொல்ற ஆதாரம். அவரோட சொந்தச் சேகரிப்பு 1980களோட தொடக்கத்தில லண்டன்ல கிளெண்டினிங் ஏலத்தில போச்சு. அந்தக் காசு இன்னைக்கு எங்கே விலைக்கு வந்தாலும் "பிரிட்மோர் சேகரிப்பிலிருந்து"ன்னு பெருமையாப் போடுறாங்க. காரணம், நாற்பது வருஷத்துக்கு முன்னாடியே அச்சில ஏறின காசு, நேத்து யாரோ பட்டறையில செஞ்சதா இருக்க வாய்ப்பில்லை. பழைய படமும் புதுப் படமும் ஒண்ணா இருந்தா சந்தேகமே வேண்டாம். ஏலம் முடிஞ்சு காசு கை மாறின பிறகும் கேட்டலாக்கைத் தூக்கிப் போடாம வச்சிருக்கிறதோட லாபம் இதுதான்.

ஆனா பெரிய கேட்டலாக்குங்களே பதில் சொல்லாத கேள்வி ஒண்ணு உண்டு. அதுக்கும் முன்னாடி? எந்த மண்ணுல கிடைச்சது? 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல மதிப்புள்ள புதையல் கிடைச்சா கலெக்டர்கிட்டச் சொல்லணும். அந்தப் பத்து ரூபாயை இன்னைக்கு வரைக்கும் யாரும் மாத்தலை. வயல்ல பானையோட கிடைச்ச காசு, ஊர் பேரோட பதிவானா சரித்திரம். இருட்டுல கை மாறி "பழைய சேகரிப்பு"ன்னு லாட் எண் வாங்கினா வெறும் சரக்கு. இந்த விஷயத்தில நான் கேட்டலாக் பக்கம் இல்லை. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசை நாட்டை விட்டு வெளியே கொண்டு போகக் கூடாதுன்னு 1972ஆம் வருஷச் சட்டத்தை ஞாபகப்படுத்துற இந்தியக் கேட்டலாக்குங்க, அதே மாதிரி எங்கே கிடைச்சதுன்னும் ஒரு வரி எழுதினா என்ன?

கடைசியா விலை. மதிப்பீடுன்னு ஒரு தொகை அச்சாகி இருக்கும், 5,000 முதல் 6,000ன்னு. அதை விலைன்னு நினைச்சுடாதீங்க, அது தூண்டில். உண்மையான விலை ஏலம் முடிஞ்சு வர்ற பட்டியல்ல இருக்கு. அதுலயும் சுத்தியல் விழுந்த தொகை வேற, வாங்கினவர் கொடுத்த தொகை வேற. மேல ஏலக்கூடத்தோட கமிஷன், அப்புறம் ஜிஎஸ்டி. 10,000க்கு எடுத்த காசுக்கு 15 சதவீதக் கமிஷன்னா அங்கேயே 11,500 ஆச்சு. அந்தக் கணக்கை முதல் பக்கத்திலயே கண்ணுக்குத் தெரியுற சைஸ்ல போடணும், கடைசிப் பக்கத்தில எறும்பு எழுத்துல இல்லை. விற்காம நின்ன லாட்டையும் சொல்லணும். எது விலை போகலைங்கிறதும் தகவல்தான். தாத்தாவோட பழைய கேட்டலாக் முழுக்க ஓரத்தில பென்சில்ல விலை குறிச்சிருக்கார். சில இடத்தில விலைக்குப் பதிலா ஒரு கோடு. விற்கலைன்னு அர்த்தமாம்.

இதையெல்லாம் ரூம்ல சொன்னப்போ என் ஃப்ரெண்ட் கேட்டான்: "மச்சி, கடைக்காரன் சரக்கு விக்க அடிக்கிற விளம்பரத்தைப் போய் பாடப் புத்தகம் மாதிரிப் பேசுற. போட்டோ எடுத்தா போன் சொல்லிடும்ல?" அவன் கேள்வியில பாதி நியாயம் இருக்கு. விற்கிறவர் எழுதுறதுதான், அவருக்குச் சாய்வு இருக்கும். ஆனா தப்பா எழுதினா பேர் கெட்டுப் போகும், காசு திரும்பி வரும். பேரு போட்டு, தேதி போட்டு, எடை போட்டு அச்சடிச்சவர் நாளைக்கு மாத்திப் பேச முடியாது. சண்டே மார்க்கெட் தார்ப்பாய்க்காரர் அடுத்த வாரம் அங்கே இருக்கவே இல்லை. போன் விஷயம்? என் பித்தளைக் காசை அவன் போன்லயே படம் எடுத்துப் பார்த்தோம். "பிரெஞ்சு இந்தியா, ஃபனோன், வெள்ளி"ன்னு சந்தோஷமாச் சொல்லிச்சு. படத்துக்கு எடை கிடையாதே.

ஆரம்பிக்க நினைக்கிறவங்களுக்கு: மும்பை டோடிவாலா, அகமதாபாத் கிளாசிகல் நியூமிஸ்மாட்டிக் கேலரி, பெங்களூரு மருதர் ஆர்ட்ஸ் மாதிரி ஏலக்கூடங்களோட கேட்டலாக்குங்களை இணையத்தில இலவசமாப் பார்க்கலாம். பழைய வெளிநாட்டுக் கேட்டலாக்குக்கு நியூமன் நியூமிஸ்மாட்டிக் போர்ட்டல் இருக்கு. ஒரே ஒரு வகைக் காசை எடுத்துக்கிட்டு, வந்த எடை, வந்த விலை, சொன்ன குறைன்னு ஒரு எக்செல் ஷீட் போடுங்க. நான் லில்லித் துட்டுக்குப் போட்டுக்கிட்டிருக்கேன். தனியா ஒரு காலத்தில, தமிழ்ப் பக்கம் தலைகீழா இருந்ததா நேரா இருந்ததான்னும் குறிக்கிறேன். தலைகீழா இருந்தா அந்த ஏலக்கூடத்துக்கு ஒரு மெயில், எந்தப் பக்கம் மேல, என்ன எழுதியிருக்குன்னு. இதுவரை மூணு போட்டிருக்கேன். ஒருத்தர் நன்றி சொல்லிப் படத்தைத் திருப்பிட்டார்.

என் 800 ரூபாய்க் காசைத் தூக்கிப் போடலை. ஒரு குட்டி கவர்ல போட்டு, மேல எழுதி வச்சிருக்கேன். லாட் 1. பித்தளை, வெள்ளி முலாம், வார்ப்பு. 1.214 கிராம். அடர்த்தி எண் 8.6. கிடைத்த இடம்: காந்தி வீதி, ஞாயிற்றுக்கிழமை. தாத்தா அதை வாங்கிப் படிச்சுப் பார்த்துட்டு, "விட்டம் எங்கடா?"ன்னு கேட்டார். வெர்னியர் காலிப்பர் எடுக்க மறுபடியும் லேபுக்குப் போகணும்.